மெஷின் எனக்குச் சொன்ன 'ஹாய்'

ஊருக்குப் புத்தி சொல்லக் கிளம்புகிறவர்கள் முதலில் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவ வேண்டும். இது பாடத்திலேயே இருந்தது. படித்துப் பாஸும் பண்ணியிருந்தேன்.

ஹட்டன் டவுன் பாமசி ஒன்றில் மருந்தாளராகச் சேர்ந்த புதிது. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு பற்றிப் பேச என்னை அனுப்பினார்கள். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். (கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே எழுந்து வணக்கம் சொல்லத் தோன்றியது.)

கோயில் மண்டபத்தில் கூட்டம். பூசைக்குப் பிறகுதான் பேச்சாம். பூசாரி உள்ளங்கை நிறையப் பஞ்சாமிர்தம் வைத்தார். பிரசாதத்தை மறுத்தால் தோட்டமே கோபித்துக்கொள்ளும். (மறுக்கும் எண்ணமும் எனக்கில்லை.) விரலிடுக்குவரை நக்கிவிட்டு கைலேஞ்சியில் துடைத்துக்கொண்டேன்.

பேசி முடித்ததும் இரத்தம் சோதிக்கும் மெஷினை எடுத்தேன். ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் முன்வரிசை மாரியாயி அக்காவையே பார்த்தார்கள். கொழுந்தெடுக்கும் அவர், காலில் ஆறாத புண்ணுக்குத் துணி சுற்றியிருந்தார். சீனி கூடியிருந்து கவனிக்காமல் விட்டால் காலுக்கே ஆபத்து.

"குத்திக்க மாட்டேங்க மிஸ். இருக்கிற வருத்தம் போதும்," என்றார். அவர் மாட்டேன் என்றால் லயத்து வீடுகள் மொத்தமும் மாட்டேன் என்று அர்த்தம்.

"எறும்பு கடிக்கிற மாதிரிதாங்கக்கா, இங்க பாருங்க!" என்று என் விரலில் குத்தி, மெஷினை நான் பார்க்காமலே கூட்டத்துக்குக் காட்டினேன்.

கோயில் தலைவர் எழுத்துக் கூட்டினார். "எச்... ஐ... ஹாய்! மெஷின் மிஸ்ஸுக்கு ஹாய் சொல்லுதுங்க!"

பின்வரிசைப் பெண்கள் பதிலுக்குக் கையாட்டினார்கள். நான் திருப்பிப் பார்த்தேன்.

"ஹாய் இல்லீங்க, ஹை! சீனி அளக்க முடியாத அளவுக்கு ஏறிருச்சுன்னு..." என்று உளறிவிட்டேன்.

"அடி ஆத்தி! இந்த வயசுலயா?" மாரியாயி அக்கா நொண்டிக்கொண்டே ஓடிவந்து என்னை உட்கார வைத்தார். யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள்.

"பஞ்சாமிர்தங்க! பஞ்சாமிர்தம்!" என்று கையைக் காட்டிக் கத்தினேன்.

"பாவம், இந்த நெலமையிலயும் புள்ள பஞ்சாமிர்தம் கேக்குது," என்று பின்வரிசையில் ஒருவர் உருகினார்.

விரலில் ஒட்டியிருந்த இனிப்புப் போகக் கையைக் கழுவிவிட்டு மறுபடி குத்தினேன். அளவு சரியாக இருந்தது. "சீனிய ஆத்தா எறக்கி விட்டுட்டா," என்று தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் அழுதேவிட்டேன்.

"அழுவாதீங்க மிஸ். ஒங்களுக்குத் தொணையா நானும் குத்திக்கிறேன்." அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து விரலை நீட்டினார். அவருக்கு உண்மையாகவே கூடியிருந்தது. அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனார், கால் தப்பியது. அவருக்குப் பின்னால் லயமே வரிசையில் நின்றது.

இன்றும் அக்கா பாமசிக்கு வந்தால், கடை நிறைய ஆள் இருக்கும்போதுதான் கேட்பார்: "மாத்திர ஒழுங்கா போடுறீங்களா மிஸ்? நீங்க விட்டா நானும் விட்டுருவேன்!"

"போடுறேங்கக்கா," என்கிறேன். வேறென்ன செய்ய?

பிற்பாடு என்னைப் பெண் கேட்டவர்கள் தோட்டத்தில் விசாரித்தபோது அக்கா சொன்னாராம்: "தங்கமான புள்ளைங்க. சீனி மட்டுந்தான் மெஷினுக்கே அடங்காது."

அதைக் கேட்ட பிறகும் கட்டிக்கொண்ட தியாகி தான்தான் என்று என் வீட்டுக்காரர் இன்னமும் சொந்தக்காரர்களிடம் சொல்லித் திரிகிறார்.