மேளத்துக்குப் பின்னால் வந்த வண்டி

பழங்காநத்தம்,
ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய காளை மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா சின்னத்தாயின் இளைய மகள் முத்துமீனா வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, அஸ்வினி அக்கா, அவள் குழந்தை எல்லோரும் சுகம். காது குத்திய இடம் குழந்தைக்கு ஆறிவிட்டது. எனக்குத்தான் இன்னும் எரிகிறது. அங்கே உங்களுக்குச் சர்க்கரையும், கனகலட்சுமி அத்தைக்கு முழங்கால் வலியும் குறைந்திருக்க வேண்டுகிறேன். மரியாதைக்கு எழுத வேண்டியது இத்துடன் முடிந்தது. இனி வருவதை மாத்திரை போட்டுக்கொண்டு படியுங்கள்.

இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று கேட்பீர்கள். போன் செய்தால் "சரித்தா, சரித்தா, மாமன் பாத்துக்கறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் அரைப் பக்கம் எழுதினால் ஒரு கும்பிடும் ஒரு ரோஜாப்பூவும் வருகின்றன. காகிதத்துக்கு ரோஜாப்பூ அனுப்ப முடியாது, அதனால் காகிதம். விஷயம் ஒன்றுதான். அந்த வண்டி என்னுடையது. நீங்கள் போட்ட சீர் இல்லை. தாய்மாமன் சீரை வாங்கிக்கொண்டவள் தாய்மாமன் மகனைக் கட்ட வேண்டும் என்பது நம் சொந்தத்தில் உள்ள பேச்சு. நான் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. ஆகவே ராம்கியைக் கட்டிக்கொள்ளவும் மாட்டேன். அவரை மச்சான் என்று எழுதாமல் பெயர் சொல்லி எழுதுவதற்கு மன்னிக்கவும். மச்சான் என்று எழுதினால் அதையும் ஃப்ளெக்ஸில் போட்டுவிடுவீர்கள்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் அதைக் கொடுத்ததாகச் சொல்கிறீர்களே தவிர அது என்ன வண்டி என்றே உங்களுக்குத் தெரியாது. மைக்கில் "பெரிய பைக்கு ஒண்ணு" என்றுதான் சொல்ல வைத்தீர்கள். நான் நாலு வருடமாக நிலம் அளக்கிற சர்வேயர். அலங்காநல்லூர்ப் பக்கம் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் என் ஸ்கூட்டர் எத்தனை முறை சேற்றில் உட்கார்ந்தது என்பதை அம்மாவிடம் கேளுங்கள். அதனால்தான் மலை, மண், மணல் எல்லாம் ஏறுகிற, இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி வைத்த, இருநூற்றிருபது கிலோ வண்டியை என் உழைப்பில் வாங்கினேன். அது ஒட்டகம் மாதிரி உயரம். நான் ஐந்தடி ஓர் அங்குலம். உட்கார்ந்தால் இரண்டு காலிலும் நுனிவிரல்தான் தரையைத் தொடும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு குதிகால் ஊன்றும், மற்ற கால் அந்தரத்தில் தொங்கும். இதைப் பழகவே எனக்குப் பத்து நாள் ஆனது. வண்டி எனக்குப் பழகிவிட்டது மாமா. மதுரைதான் இன்னும் வண்டிக்குப் பழகவில்லை.

ஷோரூமில் ஆரம்பித்தது. கையெழுத்து முழுக்க நான் போட்டேன். சாவி கொடுக்கும் நேரம் வந்ததும் அட்டையில் செய்த ஆளுயரச் சாவியைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்து, "சார், கொஞ்சம் சிரிங்க" என்றார்கள். அப்பா ஆயுளில் சைக்கிளைத் தாண்டி எதுவும் ஓட்டியதில்லை. மிரண்டுபோய்ச் சாவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். போட்டோவில் நான் அப்பாவின் முழங்கைக்குப் பின்னால் இருக்கிறேன். பெட்ரோல் போடப் போனால், "அண்ணே, எம்புட்டுக்கு?" என்கிறார்கள். ஹெல்மெட்டைக் கழற்றினால், "அய்யய்யோ, அக்காவா! வீட்டுக்காரர் வண்டியாக்கா?" என் வண்டி என்கிறேன். "சரிக்கா. அண்ணன் என்ன வேல பாக்குறாரு?" காளவாசல் சிக்னலில் நுனிவிரலில் நின்றுகொண்டிருக்கும்போது கார்க்காரர் ஒருவர் கண்ணாடியை இறக்கி, "தம்பி, எம்புட்டு மைலேஜு குடுக்குது?" என்று கேட்டார். சொன்னேன். குரலைக் கேட்டதும் காருக்குள் நான்கு தலை திரும்பி, "ஏ, பொம்பளப் புள்ளடா!" என்றன. பச்சை விழுந்தது, கார் நகரவில்லை, பின்னால் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்து ஹாரன் அடித்தார்கள். எதிர்வீட்டு அழகுபாண்டி அண்ணன் ஒருநாள் ஆர்.சி.யைப் பார்க்கலாமா என்று வாங்கி, என் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் தேடிவிட்டு, "சரித்தான், ஒம்பேர்லதான் போட்டுருக்காக. ஆனா வண்டி யாருது?" என்றார்.

இவர்கள் எல்லாம் வெளியாட்கள். கேட்டார்கள், போனார்கள். நீங்கள் கேட்கவில்லை மாமா. நேராகப் பதிலே எழுதிவிட்டீர்கள்.

காதுகுத்து நாளன்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நீங்கள் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்வி. அக்காவுக்கும் எனக்கும் உடன்பிறந்த ஆண் இல்லாததால் குழந்தைக்கு மாமன் முறையை நீங்களே செய்வதாக ஏற்பாடு. அதற்கு நன்றி. புது வண்டியை முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு விரட்டக் கூடாது என்று மெக்கானிக் சொன்னதால் நான் வாடிப்பட்டிக்கு நாலுவழிச் சாலையில் மாட்டுவண்டி மாதிரி வந்தேன். ஒரு ஷேர் ஆட்டோ என்னை முந்திக்கொண்டு போனது. உள்ளே இருந்த கிழவி எனக்கு டாட்டா காட்டினாள். மண்டபத்துக்கு நேராகப் போயிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. மாமன் வீட்டில் தலைகாட்டிவிட்டுப் போவோம் என்ற மரியாதையில் உங்கள் சந்துக்குள் நுழைந்தேன். அதுதான் நான் செய்த தவறு. உங்கள் சந்து முட்டுச்சந்து. என் வண்டிக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. அது உங்கள் சந்துக்குள் போகும், திரும்பாது. ஆறு பேர் சேர்ந்து பின்சக்கரத்தைத் தூக்கி அங்குலம் அங்குலமாகத் திருப்பி முடிப்பதற்குள் முன்னால் மேளம் கிளம்பிவிட்டது, பின்னால் அறுபது தாம்பாளத்தோடு பெண்கள் கிளம்பிவிட்டார்கள். நான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

மாட்டிக்கொண்டவளை வெளியே விட்டீர்களா? யாரோ முன் விளக்குக்கு மாலை போட்டார்கள். அத்தை வந்து, "ஏத்தா, கை வலிக்குது, இத செத்த வச்சுக்க" என்று பழத்தட்டைப் பெட்டி மேல் வைத்தார்கள். ஒரு தட்டைப் பார்த்து எட்டுத் தட்டு வந்தது. சீர்க் கிடாயைப் பிடித்து வந்த உங்கள் சோணை, "ஒரு கையில பிடிக்க முடியலத்தா" என்று கயிற்றை என் வண்டியின் முன்கம்பியில் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு கிடாய் நடந்தால் நான் நகர்ந்தேன், கிடாய் நின்றால் நான் நின்றேன். கிடாய் முன் விளக்கு மாலையைத் தின்று முடிக்கும்வரை வாடிப்பட்டியே எங்கள் இருவருக்காகவும் காத்திருந்தது. எஞ்சின் சூடாகி ஃபேன் ஓட ஆரம்பித்ததும், "ஆத்தி, எஞ்சேல கருகுது! வண்டிய அமத்துடி!" என்று ஒரு பெரியம்மா என் முதுகில் அடித்தார். எஞ்சினை அமர்த்தினால் தள்ள வேண்டும். தள்ள என் கால் எட்டாது. இப்படியாக நான் மண்டபம் வந்து சேர்ந்தேன், வந்து சேர்ந்ததும் மைக்கில் ஒருவர் மூச்சுவிடாமல், "தாய்மாமன் வாடிப்பட்டி காளை அவர்கள் செய்யும் சீர்! தங்கத் தோடு ஒரு ஜோடி! கிடாய் ஒண்ணு! பெரிய பைக்கு ஒண்ணு!" என்றார். கைதட்டினார்கள். நானும் ஒரு நொடி கைதட்டிவிட்டேன். யாருக்கோ பைக் வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

"மாமா, அது என் வண்டி" என்று நான் வந்து சொன்னபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? ஞாபகம் இல்லையென்றால் நான் எழுதுகிறேன். "அதான் தாயி நானும் சொல்றேன், ஒன் வண்டிதான். மாமன் குடுத்தா அது ஒனக்குத்தான?" இது என்ன நியாயம் என்றேன். "ஏத்தா, மேளத்துக்குப் பின்னால வந்தா அம்புட்டும் சீருதான். அது ஊரு பழக்கம். வாசலுக்கு வந்த சீரத் திருப்பி அனுப்புனா வம்சத்துக்கு ஆகாது, பாத்துக்க." அப்படியானால் மேளத்துக்குப் பின்னால் ஒரு பால்வேனும் வந்தது மாமா, அது யாருக்கு? சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே, "முகூர்த்தத்த தையில வச்சுக்குவமா?" என்று அம்மாவிடம் கேட்டீர்கள்.

அடுத்து ராம்கியை வண்டியில் ஏறச் சொல்லி போட்டோக்காரரைக் கூப்பிட்டீர்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். ஏற்றிவிட்டீர்கள். ஏறிய வேகத்தில் வண்டியோடு மறுபக்கம் சாய்ந்தார். வண்டிக்கு அடியிலிருந்து, "மன்னிச்சிரு மீனா" என்று குரல் மட்டும் வந்தது. எட்டு ஆண்கள் சுற்றி நின்று எட்டு யோசனை சொன்னார்கள். நான் வண்டிக்கு முதுகைக் கொடுத்து, குத்தவைத்து, காலை உதைத்து ஒரே எம்பில் நிமிர்த்தினேன். அது ஃப்ளெக்ஸில் வரவில்லை. அடியிலிருந்து எழுந்த ராம்கி இடுப்பைத் தேய்த்துக்கொண்டே, "மீனா, அஞ்சடி எட்டங்குலம் இருந்தா இந்த வண்டில கால் நல்லா ஊணுமா?" என்று கேட்டார். விழுந்து எழுந்தவன் கேட்கிற கேள்வியா இது? அவர் ஐந்தடி ஐந்து. இனி எங்கே வளரப் போகிறார்?

மூன்றாம் நாள் உங்கள் சந்து முனையில் ஃப்ளெக்ஸ். வண்டி மேல் நான் இருந்த இடத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ராம்கி. ஆனால் என்னை ஒழுங்காக வெட்டியெடுக்கவில்லை. கைப்பிடியில் என் இடது கை வாட்சோடு அப்படியே இருக்கிறது. ராம்கிக்கு மூன்று கை. வாடிப்பட்டியில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லையாம். வண்டி பெண்ணுடையது என்பதைவிட மூன்று கை உள்ள மனிதன் அவர்களுக்கு நம்பும்படியாக இருக்கிறான். இப்போது நான் நிலம் அளக்கப் போகிற இடத்தில் எல்லாம், "காளை வீட்டு மருமகளா? மாமன் குடுத்த வண்டியா? குடுத்து வச்சவ" என்கிறார்கள். சங்கிலியைப் பிடித்து ஊர் நிலத்துக்கெல்லாம் எல்லை சொல்கிறவள் நான். என் சொந்த வண்டிக்கு எல்லைக்கல் நட முடியவில்லை.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். அந்த ஃப்ளெக்ஸ் இறங்க வேண்டும். அடுத்து நம் சொந்தத்தில் எந்த விசேஷத்தில் மைக் கட்டினாலும், வண்டி முத்துமீனா சொந்தமாக வாங்கியது என்று நீங்களே சொல்ல வேண்டும். மேளத்துக்குப் பின்னால் வருவதெல்லாம் சீர் என்ற உங்கள் சட்டம் எனக்குச் செல்லாது, யாருக்கும் செல்லாது. என் வண்டிச் சாவியை நான் இருக்கும்வரை வேறொரு கை தொடாது. வண்டியைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றாலும் என்னைக் கேட்டுவிட்டுப் பாருங்கள்.

அத்தைக்கு என் அன்பு. சோணைக்கும் கிடாய்க்கும் என் வருத்தம். பாண்டிமுனி உங்களுக்கு நல்ல சுகத்தையும், அதோடு கொஞ்சம் நிதானத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
வண்டிக்காரி,
சோ. முத்துமீனா.

பின்குறிப்பு: புதன்கிழமை. உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன், நல்லதாகப் போயிற்று. நேற்று ராம்கி வந்தார். கூட ஒரு பெண். இந்துப்ரியா, அவர் ஆபீஸில் வேலை பார்க்கிறவர், வீட்டில் சௌராஷ்டிரா பேசுகிறவர்கள். ஐந்தடி எட்டு அங்குலம். மூன்று வருடமாகப் பழக்கமாம். உங்களிடம் சொல்ல ராம்கிக்குத் தைரியம் இல்லை: "அப்பா செருப்பக் கழட்டிருவாரு மீனா." இந்துப்ரியாவின் அப்பா துளசிராம் சம்மதித்துவிட்டார், மாப்பிள்ளைக்கு பைக் கூட ஓட்டத் தெரியாதா என்று மட்டும் வருத்தப்பட்டாராம். அந்தப் பெண் என் வண்டியில் உட்கார்ந்தார் மாமா. இரண்டு குதிகாலும் அப்படியே தரையில் ஊன்றின. பழங்காநத்தம் முழுக்க ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். சாவியைக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டில் இருங்கள். அவர் ஓட்டுவார், ராம்கி பின்னால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முன்னால் மேளம் வரும். காதுகுத்துக்கு வந்த அதே ஆட்களிடம் சொல்லிவிட்டேன். மேளத்துக்குப் பின்னால் வருவது என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாசலுக்கு வந்ததைத் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்பதும் நீங்கள் சொன்னதுதான். இந்த வண்டி மட்டும் நான் கொடுக்கும் சீர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கல்யாணம் முடிகிறவரை. ஃப்ளெக்ஸை இறக்க வேண்டாம், அந்த மூன்றாவது கையை மட்டும் இந்துப்ரியாவுக்குக் கொடுத்துவிடுங்கள்.

அப்படியே கோபம் வந்து சத்தம் போட நினைத்தாலும் ஒன்றை யோசியுங்கள். உங்கள் சந்தில் அந்த வண்டியைத் திருப்ப ஆறு பேர் வேண்டும். அதுவரைக்குமாவது இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் ஆக வேண்டும்.