கருவாட்டு வாசம் காட்டிய திசை

எதையும் பாதி புரிந்துகொண்டவனுக்கு இருக்கும் தைரியம் முழுக்கப் புரிந்தவனுக்கு வராது. சுதந்திரம் வந்த மறு வருஷம், விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த எனக்கு அந்தத் தைரியம் மூட்டை மூட்டையாக இருந்தது.

அன்று பரீட்சை. தேறினால் லைசென்ஸ், லைசென்ஸ் வந்தால் கல்யாணம். எங்கள் ஊரான திரேஸ்புரத்தில் நாலு வள்ளம் வைத்திருந்த சூசை மாமா, "லைசென்ஸோட வந்து பொண்ணு கேளு. இல்லன்னா எங்கிட்ட வல இழுக்க வா" என்று சொல்லிவிட்டார். எனக்கு வலை இழுக்கிற தோள் இல்லை என்பது அவர் மகள் பிலோமினாவுக்கு நன்றாகத் தெரியும். அவளும் கவலையில் இருந்தாள்.

பரீட்சை இதுதான். வெளியே எதுவும் தெரியாதபடி என்னைச் சுற்றிக் கித்தான் திரை கட்டிவிடுவார்கள். பக்கத்து சீட்டில் இருந்து பரீட்சை வைக்கும் ராவ் சார் விமானத்தை அங்குமிங்கும் திருப்பி, எங்கோ கொண்டுபோய் என்னிடம் ஒப்படைப்பார். திரேஸ்புரத்துக் கரையோர வானொலி நிலையத்தின் ஒலியைக் கேட்டு நான் அங்கே போய்ச் சேர வேண்டும். தலைக்கு மேலிருக்கும் வளைய ஏரியலைத் திருப்பினால் ஓரிடத்தில் சத்தம் அடங்கும். நிலையம் அந்தக் கோட்டில் இருக்கிறது என்று அர்த்தம். (கோட்டின் எந்த முனையில் என்று வளையம் சொல்லாது. குறுக்கே கொஞ்ச தூரம் பறந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பாடத்தை மந்தமானவர்களுக்கானது என்று விட்டிருந்தேன்.)

சத்தம் அடங்கியது. கிழக்கா, மேற்கா? கிழக்கே பார்த்துப் பறந்துகொண்டிருந்தபோது அந்த வாசம் வந்தது. அசல் சீலாக் கருவாடு! போகப் போக வாசம் கூடியது.

"நேர் எதிர்ல, சார்!" என்றேன்.

"குறுக்கே பறந்து பாக்க வேண்டாமா?" ராவ் சாரின் குரல் ஏனோ மூக்கடைத்தது போலிருந்தது.

"எங்க ஊரு எனக்குத் தெரியாதா சார்?"

இருபது நிமிஷம் கழித்து, "இப்ப எங்க இருக்கோம்?" என்றார்.

"திரேஸ்புரத்துக்கு மேல, சார். கீழ கருவாடு காயுது."

கித்தானை விலக்கினார். கீழே கடல். முன்னால் கடல். திரும்பிப் பார்த்தேன், அங்கேயும் கடல். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் இலங்கையில் இறங்கித் தேநீர் குடித்திருப்போம்.

"உம்ம சீட்டுக்கு அடியில என்னய்யா பொட்டலம்?" ராவ் சார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அம்மா கட்டிக்கொடுத்தது. விடுதியில் வைத்தால் பூனை தின்றுவிடும் என்று கூடவே கொண்டுவந்திருந்தேன். எஞ்சின் சூட்டில் அது நன்றாக மணக்கத் தொடங்கியிருந்தது. என் குறிப்பேட்டில் அவர் ஒரே வரி எழுதினார்: "மாணவர் கருவியை விட மூக்கை நம்புகிறார். தேறவில்லை."

கல்யாணம் போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் சூசை மாமாவிடம் அந்தக் குறிப்பேட்டை நீட்டினேன். நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஏலே, மூடுபனியில நாங்களும் மோந்து பாத்துத்தாம்ல கர சேருதோம். ஆனா வள்ளத்துல கருவாடு கெடக்கான்னு மொதல்ல பாத்துக்கிடுவோம். பேப்பரு மெதுவா வரட்டும். பொண்ணு உனக்குத்தான், போ."

மூன்று மாதம் கழித்து, குறுக்கே பறந்து பார்த்துத் தேறினேன். கல்யாணமும் ஆயிற்று. இன்றைக்கும் வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், பிலோமினா குனிந்து என் நாற்காலிக்கு அடியில் பார்க்கிறாள். இப்போது பேரப்பிள்ளைகளும் பார்க்கிறார்கள்.