வளையத்தின் தொடக்கத் தடிமன் குறித்து

தாம்பரத்தில், ஆண்கள் மட்டுமே வேலை பார்த்த ஓர் அரசு அலுவலகம் இருந்தது. அங்கே எழுத்தராக இருந்த லோகநாதனுக்கு 1994-ஆம் வருஷம், ஆண்கள் வெளியே காட்டாத இடத்தில் ஒரு வளையம் குத்திக்கொள்ள ஆசை வந்தது. கப்பலில் வேலை பார்த்துத் திரும்பி, பம்மலில் காது குத்தும் கடை வைத்திருந்த சிட்டிபாபுதான் இந்த நாகரிகத்தை நம் பகுதிக்குக் கொண்டுவந்த புண்ணியவான்.

"இன்னா கேஜு போடட்டும் மச்சான்? நம்பர் ஏற ஏற கம்பி மெலிசு. பதினெட்டு நோவாது, ஆனா நாளாவ நாளாவ அறுத்துடும். அவிச்ச முட்டைய நூலால அறுப்பாங்களே, அப்டி. பத்துல ஆரம்பிச்சா சேஃப்டி. ஆனா ஊசியப் பாத்தா நீ ஓடிடுவ."

லோகநாதனால் முடிவெடுக்க முடியவில்லை. அறுந்தால் போவது அவனுடையதாயிற்றே. ஆனால் மேலிடத்து ஒப்புதல் இல்லாமல் அலுவலக ஜன்னலைக்கூடத் திறந்து பழக்கமில்லாதவன் அவன். ஆகவே மறுநாள் முறைப்படி குறிப்பு எழுதி வைத்தான்: 'மென்மையான பகுதியில் பொருத்தப்படவிருக்கும் வளையத்தின் தொடக்கத் தடிமன் குறித்து ஆணை வேண்டப்படுகிறது.'

கண்காணிப்பாளர் பட்டாபிராமன் படித்தார். எந்தப் பகுதி என்று கேட்கவில்லை. கேட்டால், தெரியாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா?

"யாருக்குய்யா வளையம்?"

"எனக்குத்தான் சார்."

"உனக்கு மட்டுமா? நாளைக்கு யூனியன் சண்டைக்கு வரும். எல்லா ஊழியருக்கும்னு போடு. மார்ச் முடியறதுக்குள்ள ஒதுக்கீட்டையும் செலவு பண்ணியாகணும்."

"தடிமன் சார்? பத்து கெட்டி, பதினெட்டு மெலிசு."

"பதவிக்குத் தகுந்த மாதிரிதான். ஆபீசருக்குப் பத்து. எனக்குப் பன்னிரண்டு. அப்படியே மெலிசாகிட்டே போகட்டும்."

கோப்பு மேலே போயிற்று. அத்தனை பேரும் கையெழுத்திட்டார்கள். அதிகாரி ஸ்ரீநிவாசராகவன் மட்டும் அக்கறையோடு ஒரு வரி சேர்த்தார்: 'எனக்கு எட்டு.'

ஞாயிற்றுக்கிழமை சிட்டிபாபு கடையில் எல்லோரும் மோதிர விரலை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"விரல மடக்கு சார். பேண்ட்டக் கழட்டு," என்றான் சிட்டிபாபு.

விஷயம் புரிந்ததும் பட்டாபிராமன் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி, கையோடு கொண்டுவந்திருந்த கோப்பைப் பார்த்தார்.

"கையெழுத்துப் போட்டாச்சே," என்றார். "படிக்காம போட்டேன்னு எழுதினா என் பிரமோஷன் என்ன ஆறது? சீனியாரிட்டி வரிசையில வாங்கோ."

பியூனுக்கும் பின்னால், கடைசியாக வேலைக்குச் சேர்ந்த லோகநாதன் முறை வந்தபோது வளையம் தீர்ந்துவிட்டது. அவனுடைய கோரிக்கை அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கப்படும் என்று அங்கேயே முடிவாயிற்று. பாவம், ஆசைப்பட்டவன் அவன் ஒருவன்தான்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் மற்ற யாராலும் உட்கார முடியவில்லை. மனு கொடுக்க வந்த பொதுமக்கள் நெகிழ்ந்துபோனார்கள். தங்களுக்காக அதிகாரி முதல் பியூன் வரை எழுந்து நிற்கிறார்களே! குரோம்பேட்டையிலிருந்து வந்திருந்த முனியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அப்புறம் லோகநாதனைப் பார்த்தாள்.

"ஆபீசரே நின்னுகினு கீறாரு. இந்தாளு மட்டும் குந்திகினு கீறான் பாரு, மருவாதி தெரியாதவன்!"

மாலைக்குள் லோகநாதனுக்கு மெமோ வந்தது. எல்லோரும் நின்றபடியே அதில் கையெழுத்திட்டிருந்தார்கள்.