முன்விளக்கில் வைத்த பொட்டு

காஜா பேராங், மலாக்கா
13-11-1957, புதன்கிழமை

பத்து பெரெண்டாமில் இருக்கும் திரு. பொன்னுதுரை அவர்கள் சமுகத்துக்கு, அரசாங்க ஆபீசில் கிராணி வேலை பார்க்கும் அப்பாசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி சாரதாம்பாளும் மகள் விஜயாவும் சுகம். தங்கள் சுகமும் தங்கள் மகன் கருணாகரன் சுகமும் அறிய ஆவல். முதலில் 'சம்பந்தி அவர்களுக்கு' என்றுதான் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குப் பிறகு அப்படி அழைக்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியாததால் வேறு தாள் எடுத்துக்கொண்டேன்.

இரவு ஏழரை மணி நல்ல நேரத்துக்குள் உறுதி வெற்றிலை கொண்டுவருகிறேன் என்று சொன்ன நான் வரவில்லை. "பொண்ணு குடுக்க மனசில்லை, அதான் ஆளைக் காணோம்" என்று தாங்கள் சொன்னதாகக் கடைத்தெருவில் கேள்விப்பட்டேன். சத்தியமாக அப்படி இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் என் மோட்டார் சைக்கிள் விளக்கு.

பழைய விளக்கு எரிகிறதா என்று தீக்குச்சி கிழித்துத்தான் பார்க்க வேண்டும். தங்கள் பக்கம் ரோடு இருட்டு என்பதால் ஒர்க்‌ஷாப் முகைதீனிடம் புது விளக்கு கேட்டேன். அவர் ஏதோ லாரியில் கழற்றியதை மாட்டிவிட்டார். போட்டுப் பார்த்தால், பொழுது விடிந்துவிட்டதென்று எதிர்வீட்டுக்காரர் பல் துலக்க வந்துவிட்டார். "ஆகாது பாய், எதிர்ல வர்றவன் கண்ணு கூசக் கூடாது" என்றேன். "வெளிச்சத்துக்குமா, கிராணி, சட்டம் போட்டாங்க?" என்றார். போட்டிருக்கிறார்கள். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. சுதந்திர நாட்டின் அரசாங்க உத்தியோகஸ்தனே மீறலாமா? அளவான விளக்காக மாற்றி, சுவரில் அடித்துப் பார்த்து, வெளிச்சம் தாழ்ந்து விழும்படி முடுக்கி வைத்தேன்.

கிளம்பும்போது சாரதாம்பாள், "நல்ல காரியத்துக்குப் போவுது, புது விளக்கு வெறுமனேவா போவும்?" என்று கண்ணாடியில் விபூதிப் பட்டை போட்டு, நடுவில் அப்பளம் அகலத்துக்குக் குங்குமப் பொட்டு வைத்தாள். காற்றில் உதிரக் கூடாதென்று நல்லெண்ணெயில் குழைத்திருந்தாள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வழியில் விளக்கு சூடேறி, எண்ணெய் இளகி, பொட்டு கண்ணாடி முழுக்க வழிந்துவிட்டது, ரோடு சிவப்பாகத் தெரிவது புது விளக்கின் குணம் போலும் என்று நானும் வந்துகொண்டிருக்கிறேன், எதிரே வந்த பஸ்காரர் சிவப்பைப் பார்த்து முன்னால் போகிற வண்டி என்று எண்ணி முந்துவதற்கு என் பக்கமாக ஏறுகிறார், எதிரே வருகிறவனை எங்கே முந்துவது, கடைசி நிமிஷத்தில் அவர் ஒடிக்க, நான் ரோட்டோர லோங்கான் சாக்கடைக்குள் போக, தட்டு, வெற்றிலை, தேங்காய் எல்லாம் எனக்கு முன்னே போய்விட்டன.

பஸ்ஸிலிருந்து ஒரு போலீஸ் சார்ஜன்ட் இறங்கினார். "இஞ்சே, நீங்க முன்னுக்குப் போறீங்களா, பின்னுக்குப் போறீங்களா?" என்று, 'இஞ்சே' என மரியாதை போட்டே, மலாயில் கேட்டார். சாமி காரியம் என்று விளக்கினேன். "சாமி கும்பிடுங்க, வேணாங்கல. பொட்ட பெட்ரோல் டேங்குல வைங்க" என்று சொல்லி ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். விட்டபோது நல்ல நேரம் தாண்டிவிட்டது.

சகுனத் தடை என்று தாங்கள் நினைக்கலாம். கோபம் என் மேல் இருக்கட்டும். விஜயா எனக்குச் சோறு போட்டுவிட்டு, தான் சாப்பிடாமல் எழுந்து போகிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தங்கள் வீட்டின் மேல்தான் மனசு.

இனி என் விளக்கில் குங்குமம் படாது. இது சத்தியம். சனிக்கிழமை மாலை புது வெற்றிலையோடு வருகிறேன். கருணாகரனுக்கு எங்கள் ஆசீர்வாதம். தங்கள் வீட்டில் விளக்கும் பொட்டும் அதனதன் இடத்தில் என்றும் விளங்கட்டும்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
அப்பாசாமி

பி.கு.: சத்தியத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தபாலில் போடக் கிளம்பினால், விளக்கில் மறுபடியும் பொட்டு. சாரதாம்பாளைச் சத்தம் போட்டேன். "நான் வைக்கலைங்க" என்றாள். வைத்தது விஜயா. துடைக்க எனக்குக் கை வரவில்லை. ஆகவே சனிக்கிழமை மத்தியானமே வந்துவிடுகிறேன். திரும்பும்போது விளக்குப் போட முடியாது. இருட்டுவதற்குள் ஒரு நல்ல பதிலைச் சொல்லி அனுப்பிவிடுங்கள், சம்பந்தி.