இடுப்பளவுத் தண்ணீரில் மூன்று நாள் பயிற்சி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளே, முழங்கால் இடித்தாலும் பரவாயில்லை. பிள்ளைகளின் தொல்லையே இல்லாமல் ஒரு பள்ளிக்கூடத்தை நடத்திக்காட்டிய மகான்களின் கதையைச் சொல்கிறேன்.

உலகத்துக்கு வெளிச்சம் கொடுத்தவை மூன்று: சூரியன், சந்திரன், ஊழியர் பயிற்சி. மூன்றாவது வெளிச்சம், உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், பழவேற்காட்டில் கோட்டை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஏரிக்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றின்மேல் விழுந்தது.

அங்கே ஊழியர் இரண்டே பேர். பாடம் சொல்ல ஞானதாஸ் வாத்தியார். அக்கரைக் குப்பத்துப் பிள்ளைகள் பதினாலு பேரைத் தோணியில் அழைத்துவரத் திரௌபதி. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் அவள் ஓலைப்பறிக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஏரியில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பாள். சாயங்காலம் பிள்ளைகளைத் திரும்ப ஏற்றிக்கொள்வாள். "தலை நனையாம கொண்டாந்து உடுவேன்" என்று பதினாலு தாய்மாருக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

அந்த வாக்கு இப்போது ஒழுகத் தொடங்கியிருந்தது. தோணியின் அடிப்பலகையில் ஓட்டை. பிள்ளைகள் கொட்டாங்கச்சியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே பள்ளிக்கு வந்தார்கள். ஐப்பசி மழைக்குள் அடைக்காவிட்டால் தோணியும் இல்லை, பள்ளியும் இல்லை. ஓட்டை அடைக்க வேண்டியது குங்கிலியப் பிசின் ஒரு கட்டி, தேங்காய்நார் ஒரு பிடி. வாத்தியார் 'ஊழியர் மேம்பாட்டுக் கச்சேரி' என்ற அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதினார்.

கச்சேரி குங்கிலியம் அனுப்பவில்லை. அதைவிட மேலானதை அனுப்பியது. துபாஷி ராஜவேலுவை அனுப்பியது. கச்சேரியை ஆண்ட உலாந்தாத் துரை பேசுவதைத் தமிழிலும், தமிழர் பேசுவதைத் துரைக்குப் பிடித்த மாதிரியும் சொல்லுவது அவர் உத்தியோகம்.

"பயிற்சி திட்டமிடறதுக்கு முன்னால ஊழியரோட தேவையைக் கேக்கணும்னு விதி. சொல்லு திரௌபதி, உன் தேவை இன்னா?"

"குங்கிலியம், ஐயா."

"அது சாமான். தேவைன்னா மனசுக்குள்ள இருக்கணும்."

"மனசுக்குள்ளயும் குங்கிலியம்தான் இருக்குது."

ராஜவேலு மனமுருகி எழுதிக்கொண்டார்: 'ஊழியர்கள் தங்கள் தேவையை அறியும் நிலையில் இல்லை. முதல் நாள் பாடம்: தேவையை அறிதல்.'

பள்ளியில் பிள்ளைகளின் சத்தம் பயிற்சிக்கு இடைஞ்சல் என்று கண்டறியப்பட்டது. ஆகவே பயிற்சி ஏரி நடுவில் உள்ள மணல்திட்டில். பிள்ளைகளுக்கு மூன்று நாள் விடுமுறை. திட்டுக்குப் போகப் பள்ளித் தோணியையே எடுத்துக்கொள்ளச் சம்மதம் கேட்க, ராஜவேலு மறுபடி வந்தார். திரௌபதி தண்ணீரில் நின்றிருந்தாள். வாயில் பறி, இரண்டு கையிலும் இறால். அவர் கரையிலிருந்தபடியே ஓலையைப் படித்தார். அவள் தலையை இடமும் வலமுமாகப் பலமாக ஆட்டினாள், மூக்கால் முனகினாள். 'ஆட்சேபணை ஏதும் சொல்லவில்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

குறித்த நாளில் தோணியில் ஏறியவை: துரை, துபாஷி, கணக்கர், குடைபிடிப்பவர், நான்கு நாற்காலி, தேக்கு மேசை ஒன்று.

"மேசை எதுக்கு ஐயா? திட்டுல நண்டு கூட மண்ணுலதான் குந்துது" என்றாள் திரௌபதி.

"மேசை இல்லாட்டி அது பயிற்சி இல்ல, பேச்சு" என்றார் ராஜவேலு.

என்ன அருமையான பயிற்சி அது! 'பிள்ளைகளைப் பள்ளிக்கு ஈர்ப்பது எப்படி' என்று நடித்துப் பார்த்தார்கள். நரைத்த மீசை வாத்தியார் பிள்ளையானார்.

"நீதான் பள்ளிக்கூடம்" என்றார் ராஜவேலு, திரௌபதியிடம்.

"நான் இன்னா பண்ணணும்?"

"கையை விரிச்சுக்கிட்டு சிரி."

"பள்ளிக்கூடம் சிரிக்குமா ஐயா?"

"பயிற்சி எடுத்தா சிரிக்கும்."

வாத்தியார் வெயிலில் மூன்று முறை ஓடி வந்து பள்ளிக்கூடத்தின்மேல் மோதினார். துரை கைதட்டினார்.

"வாத்தியாரே, மழை வாசனை வருது" என்றாள் திரௌபதி மெதுவாக.

"தெரியுதும்மா. இப்ப நான் பிள்ளை. பிள்ளை பேசக்கூடாதாம்."

மூன்றாம் நாள் மாலை, திரும்பும் வழியில், ஓட்டை தன் கருத்தைத் தெரிவித்தது. மேசை ஒரு பக்கம் சாய, அடிப்பலகை நெடுக்கப் பிளந்தது. துரை தண்ணீரில் விழுந்து, தம் பாவங்களையெல்லாம் தம் பாஷையில் உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். ராஜவேலு அவர் காலைக் கட்டிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டார்.

"எழுந்து நில்லுங்க" என்றாள் திரௌபதி. "இடுப்பளவுதான்."

நின்றார்கள். இடுப்பளவுதான்.

கரையேறியதும், ஈரம் சொட்டச் சொட்ட, விதிப்படி கடைசிக் கேள்வி கேட்கப்பட்டது. "இந்தப் பயிற்சியில இன்னா கத்துக்கிட்ட?"

"மேசை ரொம்ப கனம்னு கத்துக்கிட்டேன்."

'ஊழியர்கள் கனமான விஷயங்களைக் கற்றனர்' என்று அறிக்கை போனது.

மழை வந்தது. பெரியவர்களுக்கு இடுப்பளவு இருந்த ஏரி பிள்ளைகளின் தலைக்குமேல் ஏறியது. பதினாலு பேரும் அக்கரையிலேயே நின்றார்கள். வாத்தியார் காலியான பாய்களுக்குப் பாடம் சொன்னார். செய்தி கேட்ட கச்சேரி கலங்கிப்போய், உடனே இரண்டாவது பயிற்சிக்கு உத்தரவிட்டது. தலைப்பு: 'பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வருவதில்லை?' பயிற்சி கொடுப்பவர்கள் போய்வரப் புதுத் தோணி ஒன்றும் வந்தது. நல்ல தோணி. குங்கிலியம் வழிய வழியப் பூசியிருந்தது.

"இதுல பிள்ளைங்களை ஏத்தலாமா ஐயா?"

"உத்தரவுல பயிற்சி கொடுக்கிறவங்களைத் தவிர யாரும் ஏறக்கூடாதுன்னு இருக்கு."

மறுநாள் காலை ராஜவேலு கரைக்கு வந்தபோது, புதுத் தோணி அக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. உள்ளே பதினாலு பிள்ளைகள். ஆளுக்கொரு ஓலைச்சுவடிக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, துரை மாதிரியே முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தலையும் நனைந்திருக்கவில்லை. கழியூன்றி நின்ற திரௌபதியின் வாயில் அன்றைக்குப் பறி இல்லை.

"யார் இவங்கள்லாம்?"

"பயிற்சி குடுக்க வந்தவங்க, ஐயா."

"யாருக்கு?"

"உங்களுக்கும் துரைக்கும்தான். பிள்ளைங்க ஏன் பள்ளிக்கூடம் வரலைன்னு இவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். மூணு நாள் வேணாம். ஒரு வார்த்தையில முடிச்சிடுவாங்க."

அவ்வளவுதான் கதை. உங்கள் வீட்டுக் கூடையில் இறால் துள்ளட்டும், அடுப்பு அணையாதிருக்கட்டும். உங்கள் துறையில் எந்தத் தோணி வந்தாலும் முதலில் பிள்ளைகள் ஏறட்டும், மேசை நீந்தி வரட்டும்.