சாட்சிக்காரன் மகளுக்குப் போலீஸ் படிப்பு

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டுமாம், எழுதிவிட்டேன். உங்கள் நலத்தை விசாரிக்கச் சொன்னது உங்கள் தங்கை. எனக்கு இப்போதைக்கு அந்த ஆசை இல்லை.

பள்ளி முடித்த என் மகளுக்குக் கணக்கியல் போதும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். "காலம் மாறிடுச்சு மாப்ளே, குற்றவியலும் காவல் அறிவியலும்னு பட்டப்படிப்பே வந்திருக்கு, பொண்ணு ஆபீசரா வருவா" என்று அவள் காதில் ஓதியது நீங்கள். போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமா சொன்னால் அவளுக்கு வேதவாக்கு.

போன சனிக்கிழமை கல்லூரியைச் சுற்றிப் பார்க்கப் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். கடையைச் சாத்திவிட்டுப் போனேன். மாதிரி வகுப்பு என்று முந்நூறு பேரை உட்காரவைத்து, பேராசிரியர் பழைய வழக்குக் காகிதங்களைத் திரையில் போட்டார். பெயர்களை மறைத்த மனிதர் கையெழுத்தை மறைக்கவில்லை. "இந்தப் பறிமுதல் பட்டியல் எல்லாத்துலயும் ஒரே சாட்சி. பத்தொன்பது கேஸ். இதுல பாருங்க, ஒரே நாள், ஒரே நேரம். இந்த வீட்ல கத்தியைப் பாத்திருக்கார், பத்து கிலோமீட்டர் தள்ளி இன்னொரு வீட்ல திருட்டு மோட்டாரைப் பாத்திருக்கார். இவருக்கு றெக்கை இருக்கணும்" என்றார். அரங்கமே சிரித்தது. நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன் மச்சான். மகள் மட்டும் சிரிக்கவில்லை. அப்புறம்தான் திரையை நிமிர்ந்து பார்த்தேன். பன்னிரண்டு வருஷமாக அவளுடைய மதிப்பெண் அட்டையில் நான் போட்ட அதே கையெழுத்து, ஆள் உயரத்துக்கு நின்றது.

ஸ்டேஷனுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்த பாவம். "சும்மாதானே உக்காந்திருக்கீங்க, ஒரு கையெழுத்து மாப்ளே" என்று காகிதத்தோடு தெருவைத் தாண்டி வருவீர்கள். என்ன கத்தி, யார் வீடு என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. ஸ்டேஷன் வாடிக்கையைக் கெடுத்துக்கொள்ள முடியுமா? கடைசியில் உங்களுக்கு ஓய்வூதியம் வந்தது, எனக்கு றெக்கை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகள் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். "ஒரு சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னா கடையை விட்டு நகர முடியாதும்பீங்க. இத்தனை இடம் சுத்தியிருக்கீங்களே" என்கிறாள் உங்கள் தங்கை. அதையாவது தாங்கிக்கொள்ளலாம். மகள் என்னிடம் பேசுவதே இல்லை. விண்ணப்பத்தில் அந்தப் படிப்பை மட்டும் எழுதி, ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்ட இடத்தில் 'குடும்பக் காரணம்' என்று நிரப்பியிருக்கிறாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. மூன்று வருடம் அந்தக் காகிதங்களைப் புரட்டுவாள், புரட்டும்போதெல்லாம் அப்பன் முகம் தெரியும். அதற்குப் பிறகு நான் யாருக்கு அப்பா? வெள்ளிக்கிழமை கடைசி நாள். உடனே புறப்பட்டு வந்து அவள் மனதை மாற்றுங்கள். ஆரம்பித்து வைத்தவர் நீங்கள்தானே.

பெரியவர்களுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி, உங்கள் வீட்டு அக்காவுக்கு என் அன்பு. மிச்சம் ஏதாவது இருந்தால் உங்களுக்கு.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மகள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "அப்பா, அந்தப் பத்தொன்பது கேஸ்ல எத்தனை பேர் ஜெயிலுக்குப் போனாங்க?" என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை மச்சான். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. நீங்கள் வர வேண்டாம். விண்ணப்பத்தை நாளைக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.