பத்து மருமகள் மாளிகை

வெள்ளிக்கிழமை வந்தால், காலடிப்பேட்டைக்குக் கிழக்கே இருக்கும் அந்தக் கடலோரக் குப்பத்தில், மீன் ஏலக் கொட்டகைக்குள் கால் வைக்க இடமிருக்காது. மீனுக்காக வந்த கூட்டமில்லை. வாஸ்து சாம்ராட் சுப்பராயன் எழுந்தருளியிருப்பார். எர்ணாவூரிலிருந்தும் டோல்கேட்டிலிருந்தும் ஆட்டோ பிடித்து வருவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றி விடுவார்கள். கூடவே இன்னொன்றையும் கழற்றி விடுவார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது செருப்பை மட்டும் ஞாபகமாக மாட்டிக்கொள்வார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு வரை சாம்ராட் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனையாளர். இப்போது நெஞ்சு வரை தாடி, கழுத்தில் ஒரு காம்பஸ். நட்சத்திரத்தைப் பார்த்தே நடுக்கடலிலிருந்து கரை திரும்புகிறவர்களுக்கு அவர் கிழக்கு எது என்று சொல்லிக்கொடுத்தார். அவர்களும் கைகட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

நர்மதாவின் கணவன் ஜெயவேல் அவர்களில் முன் வரிசை. அவர்களுடையது ஒற்றை அறை வீடு. அதற்கு மொத்தமே நாலு மூலை. சாம்ராட் எட்டு மூலை கேட்டார். அடுப்பு அக்கினி மூலைக்குப் போனது, கட்டில் குபேர மூலைக்கு வந்தது, குபேர மூலை கதவுக்குப் பின்னால் இருந்தது. அதனால் கதவு பாதிதான் திறக்கும். ஏழு மாத வயிற்றோடு பக்கவாட்டில் புகுந்து புகுந்து நர்மதா நண்டாகவே மாறிவிட்டாள்.

அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். கழிப்பறை விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஊர்ப் பொதுப் பணத்தில் பெண்களுக்கென்று கட்டிய கழிப்பறை அது. அதற்கு முன்னால் ஒன்று இருந்தது. அதன் கதவு டீக்கடைக்கு நேர் எதிரே. அத்தனை ஆண்கள் முன்னால் பக்கெட்டோடு எந்தப் பெண் நுழைவாள்? ஒருத்தியும் போகவில்லை, கடைசியில் அதில் வலையைப் போட்டு வைத்தார்கள். இரண்டாவதைக் கட்ட வந்த எழில்மொழி, கட்டடக் கலை படித்த பெண். வந்ததும் அளவு நாடாவை எடுக்கவில்லை. பத்து நாள் பெண்களோடு உட்கார்ந்து, எந்த வழியாக வருவீர்கள், எங்கே விளக்கு வேண்டும், எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டாள். கதவைக் கடல் பக்கம் திருப்பினாள். முன்னால் ஒரு மறைப்புச் சுவர் வைத்தாள். அதே செங்கல், அதே சிமெண்ட்தான். கதவு திரும்பியது, பெண்கள் வந்தார்கள்.

ஒரு வருடம் நிம்மதியாகப் போனது. பிறகு கடலில் மீன் குறைந்தது. தண்ணீர் கறுத்துக்கொண்டிருந்தது, எண்ணெய் மிதந்தது. கண் உள்ளவன் யாரும் காரணம் சொல்லியிருப்பான். சாம்ராட் காம்பஸைப் பார்த்தார். ஊரின் ஈசானிய மூலையில் கழிப்பறை இருக்கிறது, லட்சுமி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டாள் என்று தீர்ப்புச் சொன்னார். எண்ணெய் நிரபராதி. கக்கூஸ் குற்றவாளி.

ஊர்த் தலைவர் பொன்ராஜ் உடனே பூட்டுப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். வரும் திங்கட்கிழமை அதை இடிக்க ஜேசிபி வருகிறது. அந்த இடத்தில் வாஸ்து பீடம் எழும்பும். பீடத்தில் யார் உட்காருவார் என்று கேட்க ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டு மாதமாகப் பெண்கள் விடியுமுன் கரையோரக் கருங்கல் குவியலுக்குப் போனார்கள். பகலில் போக முடியாதே என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினார்கள். நர்மதாவுக்கு நீர்க்கடுப்பு வந்தது, காய்ச்சல் வந்தது. நிறையத் தண்ணீர் குடி, பாசி பிடித்த கல்லில் ஏறாதே, வழுக்கினால் இரண்டு உயிர் என்று டாக்டர் சொன்னார். ஜெயவேலிடம் சொன்னாள். குழந்தை யோகத்தோடு பிறக்க வேண்டுமானால் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றான் அவன். அன்று அவளுக்கு வந்த கோபத்தில் அக்கினி மூலையில் அடுப்பே தேவைப்பட்டிருக்காது.

மறுநாள் அவள் எழில்மொழிக்குப் போன் போட்டாள். கழிப்பறையின் வரைபடத்தில் இன்னொரு நகல் கேட்டாள். அதில் எழுத்தும் அளவும் இருக்கக் கூடாது. கோடு மட்டும் போதும் என்றாள்.

வெள்ளிக்கிழமை வரைபடத்தோடு கொட்டகையில் போய் நின்றாள். எழில்மொழி கூட்டத்தின் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"சாமி, இந்தப் படத்த கொஞ்சம் பாருங்கோ. ஊருக்கு ஈசானிய மூலை. கெயக்கால கடலு. பத்து ரூம்பு. நல்லாக்கீதா?"

இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. வீடு என்று அவள் சொல்லவே இல்லை. அதைச் சாம்ராட்டே சேர்த்துக்கொண்டார்.

படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். கண்ணை மூடினார். திறந்தபோது முகத்தில் பரவசம். "ஈசானிய மூலைன்னா ஈசனே காவல். பத்து அறை, பத்து மருமகள். ஆளுக்கொரு கதவு. இந்த வீட்டுல சண்டைங்கிற பேச்சே வராது."

கூட்டம் பெருமூச்சு விட்டது. மாமியார்கள் சற்றுப் பலமாகவே விட்டார்கள்.

வடமேற்கில் இருந்த பெரிய கட்டத்தில் அவர் விரல் நின்றது. இது என்ன என்றார். அது பூமிக்கு அடியில் இருக்கிறது என்றாள் நர்மதா.

"நிலவறை. பொக்கிஷம் சேர்ற இடம். இது நாளுக்கு நாள் ரொம்பும். விடிஞ்சா வாசல்ல ஜனங்க வரிசையில நிப்பாங்க."

பக்கத்தில் இருந்த பொன்ராஜுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. தன் பிள்ளைகளுக்கும் இதே மாதிரி ஒன்று கட்டித் தர வேண்டும் என்றார். நர்மதா பவ்யமாக ஒரு பத்திரம் கேட்டாள். 'இது லட்சுமி நிரந்தரமாக வாசம் செய்யும் மாளிகை' என்று படத்தின் மேலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார் சாம்ராட்.

மாளிகை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, இங்கிருந்து எண்பது அடி நடந்தால் போதும், எல்லாரும் வந்து பார்க்க வேண்டும் என்று நர்மதா அழைத்தாள். சாம்ராட் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் ஊரே நடந்தது. ஊர்வலம் போய் நின்ற இடம், பூட்டுத் தொங்கிய கழிப்பறை.

எழில்மொழி அசல் வரைபடத்தைப் பொன்ராஜ் கையில் கொடுத்தாள். அதில் எழுத்து இருந்தது. அவர் விரல் வைத்து எண்ணினார். கதவு பத்து. 'நிலவறை' என்று சாம்ராட் சொன்ன கட்டத்தில் 'மலத்தொட்டி' என்று எழுதியிருந்தது. அவர் இரண்டு தடவை படித்துவிட்டுத் தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

முதலில் சிரித்தது மாமியார்கள்தான்.

சாம்ராட் லேசில் விடுகிற ஆளா? இரண்டு மாதத்துக்கு முன் கிரக நிலை வேறு, இப்போது வேறு என்றார்.

"கெரகம் நவுந்துச்சுன்னே வச்சிக்கலாம் சாமி," என்றாள் நர்மதா. "கடலு நவுரல. மூலை நவுரல. கக்கூஸும் நவுரல. நீ மட்டும் எப்பிடி நவுந்த? கல்லு மேல ஏறி நான் வயுந்திருந்தா, எம்புள்ளைய எந்த மூலைல தேடுவ?"

ஜெயவேல் தலையைத் தொங்கப்போட்டான். அவன் வீட்டுக் கட்டில் அன்று சாயந்திரமே கதவை விட்டு நகர்ந்தது, யாரும் சொல்லாமலே. சாம்ராட்டும் நகர்ந்தார். எந்தத் திசையில் என்று காம்பஸைக்கூடப் பார்க்கவில்லை.

பொன்ராஜ் அரைஞாணை அவிழ்க்கத் திணறி, ஒருவழியாகச் சாவியை நீட்டினார். நர்மதா பூட்டைத் திறந்து முதல் ஆளாக உள்ளே போனாள். திங்கட்கிழமை ஜேசிபி வரவில்லை. ஊர்க்காரர்கள் மனு எழுதினார்கள். இம்முறை லட்சுமிக்கு இல்லை, கடலில் எண்ணெய் விடுகிறவன் யார் என்று கேட்டு அதிகாரிகளுக்கு.

சாம்ராட்டின் பத்திரத்தைப் பெண்கள் கண்ணாடி போட்டுக் கழிப்பறை வாசலிலேயே மாட்டியிருக்கிறார்கள். முத்திரை இன்னும் பளிச்சென்று தெரிகிறது. அதற்குக் கீழே நர்மதா பெயிண்டில் எழுதி வைத்த வரியும் தெரிகிறது: 'இங்கே வயிற்றைக் காலி செய்தால் போதும். தலையைக் காலி செய்கிற இடம் வேறே.'